பிள்ளைத்தாச்சிப் பிடி

அந்தப் பொய் வாயை விட்டு வெளியே விழுவதற்கு ஒரு நொடி முன்பு வரை ஆனந்தமேரி யோக்கியமானவள்தான்.

நாகல் நகரில், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து அது. சந்தின் கடைசியில் ஒரு காலி மனை. அங்கே வேப்பமர நிழலில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் வாழை இலை போட்டு, இலையில் பன்னிரண்டு கூறாகக் கறி பிரித்து வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பன்னிரண்டு வீட்டு ஆட்கள். கையில் தூக்கு, சட்டி, டப்பா.

மன்சூர் பாய் கத்தியை ஈரத்துணியில் துடைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"பிள்ளைத்தாச்சி யாரு வீட்லயும் உண்டா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"அப்ப இது எனக்கு" என்று தனியே வைத்திருந்த சுவரொட்டியை எடுத்தார். ஆட்டின் மண்ணீரல். கருஞ்சிவப்பாக, வழவழவென்று, உள்ளங்கையை நிறைத்துக் கிடந்தது. சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று ஊரே நம்புகிற துண்டு. அது பாயின் பைக்குள் போகப் போனது.

"பாய்... எங்க வீட்ல இருக்கு."

சொன்னது யார் என்று ஆனந்தமேரியே ஒரு கணம் தேடினாள்.

பன்னிரண்டு வீட்டுக் கண்களும் அவள் மேல் திரும்பின. பக்கத்தில் நின்ற கருப்பம்மாள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"மேரி மதினி! உங்க மருமக இளவேனிலா?"

இப்போதுகூடத் தப்பித்திருக்கலாம். 'சும்மா சொன்னேன் மதினி' என்று சிரித்திருக்கலாம். ஆனந்தமேரி தலையைக் குனிந்துகொண்டாள். அதையே எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

*

இந்தக் கூறு ஏற்பாடு வந்ததே கறி விலையால்தான்.

ஆட்டுக்கறி கிலோ ஆயிரத்தைத் தொட்ட மாதம் ஆனந்தமேரியின் அடுப்படியில் பல தில்லாலங்கடி வேலைகள் ஆரம்பமாயின. ஒரு கிலோ முக்காலாக இளைத்தது. முக்கால் அரையாயிற்று. அரைக் கிலோவைப் பெரிதாகக் காட்ட உருளைக்கிழங்கு வந்தது, முருங்கைக்காய் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீல்மேக்கரை மிளகுத்தூளில் பிரட்டிக் கறியோடு கறியாகக் குழம்பில் இறக்கிவிட்டாள். புருஷன் சவரிமுத்து ஒன்றைக் கடித்துப் பார்த்தார். விரலால் அமுக்கினார். அது பஞ்சு போல அமுங்கி மறுபடி எழுந்தது.

"ஏ மேரி, இது எந்த ஆட்டுல இருந்து எடுத்தது? ஸ்பான்ச் மெத்தை மேஞ்ச ஆடா?"

மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் போய்விட்டது. நாக்கு போகவில்லை. பிராய்லர் கோழியைத் தொட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லையென்றால் அன்று அவருக்குக் கிழமையே கிடையாது. மகன் அஜித் பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். மருமகள் இளவேனில் ஜவுளிக்கடையில் சேல்ஸ். காலையில் போனால் கடை சாத்தும்வரை நின்ற காலிலேயே நிற்கவேண்டும். இரண்டு பேர் சம்பளம் வாடகைக்கும் வண்டித் தவணைக்கும் போனது போக மிச்சத்தை ஆனந்தமேரி கையில் கொடுப்பார்கள். அதைக் கொண்டு வெஞ்சனம் முதல் சோப்பு வரை அவள் பாடு.

தவக்காலம் வந்தால் ஆனந்தமேரிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நாற்பது நாளும் வீட்டில் கறி கிடையாது, யாரும் கேட்கவும் முடியாது. சேசு பட்ட பாட்டை நினைத்து உருக வேண்டிய காலத்தில் மளிகைச் செலவு குறைந்ததை நினைத்துச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருக்கும். ஈஸ்டர் வரும். கூச்சம் போய்க் கவலை வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கருப்பம்மாள் யோசனை சொன்னாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"கடைக்காரனுக்கு எதுக்கு அழணும்? அகரத்துல அழகர்னு ஒருத்தரு பட்டி போட்ருக்காரு. நேரா அங்க ஆடு புடிச்சு எங்க ஊர்ல மாதிரி கூறு போட்டுக்குவோம். எலும்பு, கறி, கொழுப்பு எல்லாம் எல்லாருக்கும் சமம்."

அவள் ஊர் வழக்கம் அப்படியே சந்துக்கு வந்தது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. வீட்டுக்கொரு அடையாளச் சாமான். கருப்பம்மாளுக்கு உடைந்த வளையல் துண்டு. எதிர்வீட்டுக் கண்ணுசாமிக்கு ஒரு சீப்புப் பல். ஆனந்தமேரிக்கு நீலப் பேனா மூடி. எல்லாவற்றையும் ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குவார்கள். எது யாருடையது என்று தெரியாத மன்சூர் பாய் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கூறு மேல் வைப்பார். எந்தக் கூறில் உன் சாமான் விழுந்ததோ அது உனக்கு. சண்டைக்கு வழியில்லை.

குலுக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு முறைமை உண்டு. எந்த வீட்டிலாவது மாசமாக இருக்கிற பெண் இருந்தால் சுவரொட்டி முழுசாக அந்த வீட்டுக்கு. போதாததற்கு எல்லாக் கூறிலிருந்தும் ஒரு பிடி. பிள்ளைத்தாச்சிப் பிடி என்று பெயர். இதில் மட்டும் யாரும் யாரையும் சோதிப்பதில்லை. வயிற்றுப் பிள்ளையை வைத்து எவளாவது பொய் சொல்லுவாளா?

ஒருத்தி சொன்னாள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது சவரிமுத்து தட்டைத் தள்ளிவிட்டு, "ஆஸ்பத்திரிக் கஞ்சியில கூட இதைவிட நாலு துண்டு கெடக்கும்" என்றார். இளவேனில் தன் தட்டிலிருந்த ஒரே நல்ல துண்டை எடுத்து மாமனார் தட்டில் வைத்தாள். அவரும் எடுத்துத் தின்றார். கையில் கரண்டியோடு நின்ற ஆனந்தமேரிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அதுதான் மறுவாரம் வாய் வழியாகப் பொய்யாக வந்து விழுந்தது.

"மதினி, ஒண்ணு" என்று கருப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள் ஆனந்தமேரி. பொய் சொன்ன நாக்குக்கு அதைக் காப்பாற்றுகிற சாமர்த்தியமும் கூடவே வந்துவிட்டது. "மூணு மாசம் முடியட்டும். அவகிட்ட யாரும் கேட்றாதீக. மூணு வருசம் கழிச்சு... கண்ணு பட்ரும்."

"இதைச் சொல்லணுமா? ஏலே, எல்லாரும் கேட்டுக்கங்க. வாயத் தொறந்தீக, தச்சுப்புடுவேன்!"

கருப்பம்மாள் முதல் பிடியை எடுத்துத் தூக்கில் போட்டாள். அவள் கை பெரிய கை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு பிடிக்கும் "நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்" என்று ஒரு வாழ்த்து. எல்லோரும் போட்டு முடித்தபோது அந்தத் தூக்கை அவளால் தூக்க முடியவில்லை.

*

வீட்டுக்கு வந்து சுவரொட்டியைக் கழுவினாள். எறிந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு. எறிய மனசு வருமா? சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினாள். யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யார் பேரைச் சொல்லி வாங்கினாளோ அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் பாதிப் பொய் கழிந்துவிடும் என்று ஒரு கணக்கு.

கடையிலிருந்து வந்த இளவேனில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஆனந்தமேரி கிண்ணத்தை அவள் முன் வைத்தாள்.

"என்ன அத்தை இது?"

"சுவரொட்டி. நின்னு நின்னு வெளுத்துப் போயிருக்க. சாப்டு. மாமாவுக்குத் தெரிய வேணாம், பங்கு கேப்பாரு."

இளவேனில் கிண்ணத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வைக்கப்பட்டதில்லை. சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைக் கழுவும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, இது... புள்ள தங்கறதுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்கல்ல? அதுக்குத்தானே தந்தீங்க?"

ஆனந்தமேரி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"ஆமாத்தா" என்றாள். இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சின்னதுதான். ஆனால் இது உள்ளே போய்க் குத்தியது.

அன்றிலிருந்து மருமகளின் நடையே மாறிவிட்டது. கடையில் தள்ளுபடிக்கு வந்த சேலையை அத்தைக்கென்று எடுத்து வந்தாள். செவ்வாய்க்கிழமை கடை லீவில் அத்தை தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அவள் விரல் உச்சந்தலையில் அழுந்த அழுந்த, ஆனந்தமேரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கூறு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜவுளிக்கடைக்கு லீவு கிடையாது, அதனால் இளவேனில் காலி மனைப் பக்கம் வர வாய்ப்பே இல்லை. சந்துக்காரர்களோ வாயைத் தைத்துக்கொண்டு இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு வந்து ஞாயிறு காலையில் ஆனந்தமேரி முதல் ஆளாகத் தூக்கோடு நின்றாள். எல்லாம் வாய்க்கால் தண்ணி போலத் தடையில்லாமல் போயிற்று. சவரிமுத்து தட்டில் துண்டுகள் பெருகின. "இப்பத்தான் மேரிக்குக் கறி வாங்கத் தெரிஞ்சிருக்கு" என்று ஏப்பம் விட்டார்.

அப்போதுதான் பவித்ரா வந்தாள்.

கருப்பம்மாளின் மகள். வேடசந்தூரில் வாக்கப்பட்டவள். நிஜமாகவே நாலு மாசம். வாந்தி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கூறு நாளன்று மன்சூர் பாய் கேட்டதும் ஆனந்தமேரிக்கு உயிரே வந்தது. விட்டது சனியன், இனிமேல் அந்தப் பிடி பவித்ராவுக்கு!

"எம் மகளுக்கு வேணாம் பாய்" என்றாள் கருப்பம்மாள். "கல்யாணமான மறுமாசமே நின்னவ அவ. மூணு வருசம் தவங்கெடந்து நிக்கிற புள்ளைக்குப் போகட்டும். மேரி மதினி, தூக்கை நீட்டுங்க."

"வேணாம் மதினி, ஆளுக்குப் பாதியா..."

"சொவரொட்டியப் பாதியா அறுத்தா யாருக்குப் பலன்? புடிங்க!"

தூக்கு நீண்டது. ஒரு பிள்ளைத்தாச்சியின் வாய்க்குப் போக வேண்டியது இல்லாத பிள்ளையின் பேரில் அதற்குள் விழுந்தது. அந்த வாரம் ஆனந்தமேரி குழம்பில் கை நனைக்கவில்லை. வயிறு சரியில்லை என்று ரசத்தோடு நிறுத்திக்கொண்டாள். அடுத்த கூறோடு இதை முடித்துவிட வேண்டும், எப்படியாவது, ஏதாவது சொல்லி... என்ன சொல்வது? அதுதான் தெரியவில்லை.

போகப் போகச் சந்தே பயமாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை இளவேனில் தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்தபோது எதிர்வீட்டுக் கண்ணுசாமி பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா, இந்த நேரத்துல இம்புட்டு கனத்தைத் தூக்கலாமா? குடு இங்க!"

"எந்த நேரத்துலண்ணே?"

"அதான்... வெயில் நேரத்துல!" என்று ஆனந்தமேரி உள்ளேயிருந்து பாய்ந்து வந்து கேனைப் பிடுங்கினாள். "கண்ணுசாமி, நீ போப்பா, உனக்குக் கடைக்கு நேரமாச்சு."

கண்ணுசாமி கண்ணடித்துவிட்டுப் போனார். இளவேனில் வானத்தைப் பார்த்தாள். வானம் மூட்டமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாருக்கு மாற்றல். பிரியாவிடைப் பூசை. மரியாயின் சேனை என்கிற கோயில் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் நீலச் சேலையில் காணிக்கைப் பவனி போக வேண்டும், தவறக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. கூறு வாங்கிவர அஜித்தை நியமித்துவிட்டுத்தான் ஆனந்தமேரி கிளம்பினாள்.

"யாரு என்ன கேட்டாலும் 'அம்மாவுக்குத்தான் தெரியும்'னு சொல்லு. குடுக்கறதை வாங்கிட்டு வந்துரு."

"கறி வாங்கறதுல என்னம்மா ரகசியம்?" என்று சிரித்தான் அவன்.

சாமியார் பிரசங்கத்தில் கண் கலங்கிக்கொண்டிருந்தபோது, கைப்பைக்குள் போன் துடித்தது. குனிந்து பார்த்தாள். அஜித்தின் மெசேஜ்.

'டிப்போல அவசரமா கூப்டாங்க. கறி வாங்க இளவேனில் போயிருக்கா. அவ கடை முதலாளி வீட்ல துக்கமாம், இன்னிக்கு லீவு.'

எழுத்துகள் மங்கின. பக்கத்தில் இருந்தவள் "என்ன சிஸ்டர், அட்டாக் மாதிரி இருக்கா?" என்று தோளைப் பிடித்தாள். ஆனந்தமேரி அவள் கையை உதறிவிட்டு, கையிலிருந்த காணிக்கைத் தட்டை பெஞ்சிலேயே வைத்துவிட்டு, நடு வழியில் நடந்து வெளியே போனாள். பீடத்துக்கு முதுகைக் காட்டி அப்படி அவள் ஒரு நாளும் நடந்ததில்லை.

"நாகல் நகர். சீக்கிரம் போப்பா" என்று வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள்.

"மேம்பாலத்துல கூட்டமா இருக்கும்க்கா, சுத்தித்தான்..."

"எப்படியாச்சும் போ!"

வழி நெடுகக் கறிக்கடைகள். ஒவ்வொரு கடை முன்பும் உரித்த ஆடுகள் தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொன்றும் அவளைப் பார்ப்பது போலிருந்தது. குலுக்கல் முடிந்திருக்கும், பாய் கேட்டே இருக்க மாட்டார், கருப்பம்மாள் வாயை மூடிக்கொண்டு இருப்பாள்... மாதாவே, அவள் வாயை மட்டும் இன்றைக்குக் கட்டிப்போடு. பொய்யைக் காப்பாற்ற மாதாவைக் கூப்பிடுகிறோமே என்ற நினைப்பு வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

சந்து முனையில் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினாள். காலி மனையின் மின்கம்பத்தருகே வந்து நின்றுவிட்டாள்.

மன்சூர் பாய் கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளைத்தாச்சி யாரு வீட்லயும்..."

"இந்தா நிக்கிறால்ல பாய்! ஆளே வந்திருக்கா!" கருப்பம்மாள் இளவேனிலின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "மூணு மாசம் முடிஞ்சிருச்சு, இனிமே வாயத் தொறக்கலாம்ல? இம்புட்டு நாளா உன் மாமியா பேச்சைக் கேட்டு வாயத் தச்சுக்கிட்டுக் கெடந்தேன்டி. ஏத்தா, வயிறே தெரியலையே, கறியெல்லாம் எங்க போகுது?"

பெண்கள் சிரித்தார்கள். இளவேனில் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை இலையில் தனியாக இருந்த சுவரொட்டிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. கிண்ணம், மிளகு வாசனை, மாமாவுக்குத் தெரிய வேண்டாம், தண்ணீர் கேன், கண்ணுசாமியின் கண்ணடிப்பு. ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து விழுவதைக் கம்பத்தடியிலிருந்து ஆனந்தமேரி பார்த்தாள்.

இளவேனில் தலை நிமிர்ந்தாள். நேராக மின்கம்பத்தைப் பார்த்தாள். நீலச் சேலை, மூச்சிரைப்பு, வெளிறிய முகம். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது சொல்லப் போகிறாள். 'எனக்கா? யார் சொன்னது?' என்று கேட்கப் போகிறாள். ஆனந்தமேரி கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா" என்றாள் இளவேனில். பார்வையைக் கம்பத்திலிருந்து எடுத்துக் கருப்பம்மாள் பக்கம் திருப்பினாள். "தங்கல. போன வாரம்... கலைஞ்சு போச்சு."

சிரிப்பு அறுந்து விழுந்தது.

கருப்பம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி இளவேனிலை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அய்யோ எந்தங்கமே... ஒரு வார்த்தை சொல்லலையே..." அந்தப் பெரிய தோளில் முகம் புதைந்ததும் இளவேனிலுக்கு அழுகை வெடித்தது. காப்பாற்றச் சொன்ன பொய்தான். ஆனால் அழுகை பொய்யில்லை. மூன்று வருஷமாக, மாதாமாதம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அத்தனையும் வந்தது.

கண்ணுசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராகக் குனிந்து ஆளுக்கொரு கூறிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை இரண்டு கையாலும்.

"கலைஞ்ச உடம்புக்குத்தான் ரத்தம் வேணும். போடுங்க" என்றார் மன்சூர் பாய்.

தூக்கு நிறைந்துகொண்டே வந்தது. ஆனந்தமேரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"போடாதீக!"

எல்லோரும் திரும்பினார்கள். அவளைக் கண்டதும் கருப்பம்மாள் சீறினாள்.

"நல்லா இருக்கு மதினி ஒங்க நியாயம்! பச்சை ஒடம்புக்காரிய கறி வாங்க அனுப்பிட்டு நீங்க சேலை கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனீகளாக்கும்?"

தப்புக்குக் கிடைக்க வேண்டிய திட்டு தப்பான இடத்தில் கிடைத்தது. ஆனந்தமேரி தார்ப்பாய் அருகே வந்து நின்றாள்.

"அவளுக்கு ஒண்ணும் கலையல. கலையறதுக்கு எதுவும் நிக்கவே இல்ல. எனக்காகச் சொல்றா." மூச்சு வாங்கினாள். "நான்தான் பொய் சொன்னேன். கறிக்காகச் சொன்னேன்."

மன்சூர் பாய் கத்தியைத் துடைக்க எடுத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஒரு புடிக் கறிக்கா?"

கருப்பம்மாள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "எம் மக வாயில போக வேண்டியதக் குடுத்தேனே மதினி" என்றாள். அவ்வளவுதான். அந்த 'மதினி' வழக்கம்போலத்தான் வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆனந்தமேரி தலை குனிந்து நின்றாள். ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது. அவமானம்தான், ஆனாலும் இறங்கிவிட்டது. நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள், சொல்லிவிட்டேன் பார் என்பது போல.

இளவேனிலின் முகத்தில் நன்றி இல்லை. தூக்கை அப்படியே தார்ப்பாயில் வைத்துவிட்டு, அவளைத் தாண்டி நடந்து போனாள்.

*

அடுப்படியில் இளவேனில் முதுகைக் காட்டி நின்றாள். சவரிமுத்து கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்.

"வேனிலு... உன் பேரக் கெடுக்கக் கூடாதுன்னுதான்த்தா சொன்னேன்..."

"பேரா?" இளவேனில் திரும்பினாள். "நீங்க சொன்ன பொய்யைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன் அத்தை. வீட்டு நெலம எனக்கும் தெரியும். ஆனா நான் 'கலைஞ்சிருச்சு'ன்னு சொன்னப்ப அந்தக்கா என்னைப் புடிச்சாங்க பாருங்க... மூணு வருசத்துல இந்தச் சந்துல ஒருத்தரும் என்னை அப்படிப் பாத்ததில்ல. இவளுக்கும் புள்ள நிக்கிற ஒடம்புதான்னு நெனச்சாங்க. ஒரே ஒரு நிமிசம். அதையும் வந்து புடுங்கிட்டீங்க."

ஆனந்தமேரி தோளைத் தொடக் கை நீட்டினாள், இளவேனில் நகர்ந்துகொண்டாள்.

"நீங்க பாரத்தை எறக்கி வச்சிட்டீங்க. எந்தலையில வச்சிட்டீங்க."

"தப்புத்தான்த்தா..."

"சுவரொட்டி தந்தது மட்டுமாச்சும் எனக்காகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் இளவேனில், மிக மெதுவாக.

வாசலில் சத்தம் கேட்டது. கருப்பம்மாள். படியேறவில்லை. தூக்கை வாசற்படியில் வைத்தாள். இரண்டு கையாலும் போட்ட மேலதிகத்தையெல்லாம் எடுத்துவிட்டு, அவர்கள் பங்குக் கூறு மட்டும் உள்ளே இருந்தது. மேலே நீலப் பேனா மூடி.

"உங்க கூறு" என்றாள் பொதுவாக. "மூடியையும் வச்சிருக்கேன்." அதை அடுத்த தடவை கொண்டு வரச் சொல்லவில்லை. கொண்டு வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "இளவேனிலு, சாயங்காலம் வீட்டுக்கு வா, பவித்ரா பேசணும்னா" என்றுவிட்டுப் போனாள். ஆனந்தமேரி பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

இளவேனில் தூக்கை எடுத்து வந்தாள். கறியைக் கழுவினாள். வெங்காயம் உரித்தாள், மசாலா அரைத்தாள். உருளைக்கிழங்கு போடவில்லை, முருங்கைக்காய் போடவில்லை. குக்கர் விசில் ஒவ்வொன்றுக்கும் ஆனந்தமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வாங்க அத்தை, உக்காருங்க. இன்னிக்கு நான் பரிமாறுறேன்."

"மாமாவுக்கு மொதல்ல..."

"உக்காருங்க."

அந்த வீட்டில் கறி வைத்த நாளில் ஆனந்தமேரி முதல் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. எல்லோரும் எழுந்தபிறகு சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, மிஞ்சிய எலும்பைச் சூப்புவதுதான் அவள் ஞாயிற்றுக்கிழமை. இப்போது மாமனாருக்கு அளவாக வைத்துவிட்டு, இளவேனில் அத்தையின் தட்டுக்கு வந்தாள். கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டு அள்ளினாள். தொடைக்கறி. கொழுப்பு மினுங்கும் துண்டுகள். ஒரு எலும்புகூட இல்லை. சோறே தெரியாமல் மூடியது.

"சாப்பிடுங்க."

ஆனந்தமேரி ஒரு துண்டை வாயில் வைத்தாள். பஞ்சு போல வெந்திருந்தது. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். உள்ளே இறங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. குடிக்கத் தண்ணீருக்குக் கையை நீட்டினாள். இளவேனில் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள், மரியாதையாக, இரண்டு கையாலும்.

"பரவாயில்லையே, மேரிக்கும் நாக்குல ருசி தெரிய ஆரம்பிச்சிருச்சு!" என்று சவரிமுத்து எலும்பைத் தட்டினார். "கறி என்னமா வெந்திருக்கு! எத்தனை நாளாச்சு இப்படிச் சாப்ட்டு!"

ஆனந்தமேரி விழுங்கினாள். தட்டில் அந்த இடம் காலியானது.

கரண்டி மறுபடி வந்தது.